எங்கே என்று கேட்காத வீடு

என் வீட்டுக்காரர் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். வெட்டுக்காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரிதான். கடுகளவு கேமராவுக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டியதில் திரையில் ஒரு ஓரம் முழுக்க மறைந்து போனது. படம் பார்க்கக் கைபேசியைப் படுக்கவைத்தால் அந்த ஓரத்தில் நிற்கிற ஆளுக்கு முகமே இருக்காது. எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"நாம அதப் பாக்குறோம்னு நெனச்சிகினு கீற. அதுதான் நம்மளப் பாக்குது" என்றார்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். ஊருக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால் பேசலாம், அதுவும் காற்று நன்றாக இருக்கிற நாளில். வீட்டுக்குள் இருக்கிற கைபேசியை வைத்து யாரும் யாரையும் பார்க்க முடியாது. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். விவரம் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் ஆகவே ஆகாது.

நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். அவருக்குச் சாமையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் நிலமும், சில புளிய மரங்களும் உண்டு. நான் பக்கத்து ஊர் உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கீழே திருப்பத்தூரில் தங்கிப் படித்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பு அவருக்குக் கிடையாது. அவரோடு மாமியாரும் நானும், ஆக மூன்று பேர் வீட்டில்.

சாமை மூட்டையைச் செங்கத்தில் போட்டுவிட்டு வரும்போதெல்லாம் அங்கே ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டு நிறையப் படம் ஏற்றிக்கொண்டு வருவார். காதல் படம் அவருக்கு வேண்டாம், பேய்ப் படம் வேண்டாம். சதிப் படம்தான் வேண்டும். ஒரு பெரிய கட்டடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து ஊரை அழிக்கத் திட்டம் போட வேண்டும். அதை ஒரே ஒரு ஆள் கண்டுபிடிக்க வேண்டும். அவன் சொல்வதை யாரும் நம்பக் கூடாது. கடைசியில் டிவியில் எல்லாம் வெளியே வர வேண்டும். இந்த நாலும் இருந்தால் மொழிகூட அவருக்கு முக்கியமில்லை. தெலுங்கு டப்பிங்கில் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போனாலும் கண்கொட்டாமல் பார்ப்பார்.

நானும் பார்ப்பேன். பார்க்காமல் குறை சொல்லுகிற ஆளில்லை நான்.

எங்களுக்குள் கட்சிச் சண்டை வந்ததே இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதும் இல்லை. ஆனால் படத்தை வைத்து நன்றாக அடித்துக்கொள்வோம். எனக்குப் பிடித்த படங்களில் கோட்டுப் போட்டவன் மலையைத் தோண்ட வருவான், போலீஸ் அவன் பக்கம் நிற்கும். அவருக்குப் பிடித்த படங்களில் தாடி வைத்தவன் குண்டோடு வருவான், வெளிநாட்டுப் பணத்தில் தொண்டு செய்கிற அம்மாள் ஒருத்தி நாட்டைக் காட்டிக்கொடுப்பாள். என் படம் ஓடும்போது அவர் கொட்டாவி விடுவார். அவர் படம் ஓடும்போது நான் எழுந்து போய் அடுப்பைத் துடைப்பேன். எங்கள் அப்பா பார்த்த படங்களில் சதி செய்தது வெள்ளை வேட்டி கட்டிய மந்திரி. பிறகு வேட்டி போய்க் கோட்டு வந்தது, கோட்டு போய்த் தாடி வந்தது. வில்லன் போட்டிருக்கிற துணியைப் பார்த்தாலே அந்தப் படம் வந்த வருஷத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம் என்பேன் நான்.

"அப்ப ஒன் படத்துல மட்டும் இன்னாவாம்? அதுக்குப் பின்னாடி எவன் கீறானோ" என்பார் அவர்.

அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஏனென்றால் எந்தப் பக்கத்துப் படமாக இருந்தாலும், பார்த்து முடித்ததும் காது மடல் சூடாகி, ஊருக்கே தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு கர்வம் வருமே, அது எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சூடு இரண்டு நாள் இருக்கும். அந்த இரண்டு நாளும் பள்ளிக்கு யார் பார்வையிட வந்தாலும் இவர் எதற்கு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எங்களைப் போன்ற மலைக்காரர்கள் அந்தப் படங்களில் வருவது ஊசி போட்டுச் சாவதற்குத்தான். இல்லாவிட்டால் இலையைக் கட்டிக்கொண்டு ஹீரோவைச் சுற்றி ஆடுவதற்கு. அப்படியும் எங்கள் ஊரில் எல்லோரும் விழுந்து விழுந்து பார்த்தார்கள்.

ஒருமுறை கிராமச் செவிலியர் ரத்தப் பரிசோதனைக்கு வீடு வீடாக வந்தார். என் வீட்டுக்காரர் கையை மடக்கிக்கொண்டார். எடுக்கிற ரத்தம் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது, இதற்கெல்லாம் பின்னாடி யார் என்று கேட்டார்.

"பின்னாடி நான்தாங்க கீறேன். என் பின்னாடி டிரைவர் கீறாரு. அவருக்குப் பசிக்குதாம், சீக்கிரம் கைய நீட்டுங்க" என்றார் செவிலியர்.

நான் சிரித்துவிட்டேன். அவர் நீட்டவில்லை.

அதையெல்லாம்கூட வேடிக்கை என்று விட்டிருப்பேன். ஆனால் புளி எடுக்க வருகிற பாய் விஷயத்தில் விட முடியவில்லை. வாணியம்பாடிக்காரர். மாசி பிறந்தால் தன் சின்ன லோடு வண்டியில் வருவார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே இந்த வீட்டுப் புளி அவருக்குத்தான். புளியை விரலால் அமுக்கிப் பார்த்து, ஈரம் ஈரம் என்று புலம்பி, பிறகு மோர் வாங்கிக் குடித்து, மாமியாரிடம் தன் முட்டி வலியைப் பற்றி நெடுநேரம் பேசுவார். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். போன வருஷம் அவர் வந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. தூரத்தில் நின்றபடி வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கிசுகிசுப்பாக வேறு கேட்டார். முந்தின வாரம்தான் அந்த மாதிரி ஒரு படத்தை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

தானாக எழுந்து நிற்கவே முடியாத மனுஷன் குண்டு வைத்துவிட்டு ஓடுகிற காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று வீட்டுக்காரரோடு பேசவில்லை. பாயும் கவனித்துவிட்டார், மோரைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் கெட்டது. போகிறவர் திரும்ப வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கீழே டவுனிலும் இது உண்டுதான், ஆனால் பேச்சுக்கு. எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. கல்யாணமான புதிதில் நான் தெரியாத்தனமாகக் கேட்டு, அவர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மாமியார் அன்று முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். அதிலிருந்து நான் கேட்டதில்லை. உலகத்தில் நடக்கிற ஒவ்வொன்றையும் எதற்கு, யாருக்காக, பின்னாடி யார் என்று குடைகிற மனுஷர், தன் வீட்டில் தன்னை யாரும் எங்கே என்று கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

இந்த வருஷம் புளி உலுக்கி முடித்ததும் அவர் வேலைக்குக் கிளம்பினார். ஒவ்வொரு வருஷமும் போவதுதான். அவருடைய அத்தை மகன், அதாவது அவருக்கு மச்சான், முறைப்படி எனக்கு அண்ணன், ஆட்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவார். பெரும்பாலும் கேரளாவில் மிளகு பறிக்க. மச்சானும் சதிப் படப் பைத்தியம்தான். இரண்டு பேரும் மெமரி கார்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அன்று காலை நான் பள்ளிக்குப் புறப்படுகிற அவசரத்தில் இருந்தேன். "போய்ட்டு வர்றேன்" என்றார். "வாங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் வந்து துணி மடித்து வைக்கும்போது அவருடைய வேட்டிக்கு அடியில் கைபேசி கிடந்தது. அணைத்திருந்தது. சிம்மைத் தனியாகக் கழற்றி, ஆதார் அட்டையோடு சேர்த்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். கேமராவில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

மாமியாரைக் கேட்டேன்.

"மச்சாங்காரன்தான் சொன்னான். போன் இருந்தா எங்க போறோம், இன்னா பண்றோம்னு எவனெவனோ பாத்துகினே இருப்பானாம். யாரும் எடுத்துனு வர வேணாம், எந்தக் கார்டும் வேணாம்னான். இவனும் ஆமா ஆமான்னு உடனே கழட்டி வெச்சிட்டான்."

படங்களில் அப்படித்தான் செய்வார்கள். துரத்துகிறார்கள் என்று தெரிந்ததும் ஹீரோ முதலில் சிம்மைத்தான் கழற்றி எறிவான். மச்சான் அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு மரியாதை வந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் மிளகு பறிக்கப் போகிறவனை யார் துரத்தப் போகிறார்கள்?

அந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி அதையே தேய்த்தேன். விடிந்ததும் பாறைக்கு ஓடி மச்சானுக்குப் போன் போட்டேன். அணைத்திருந்தது. அவர் மனைவியைப் போய்க் கேட்டேன். "அவரு போனை மட்டும் எடுத்துனுதான் போனாரு" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது. அவளும்தான் கேட்கக் கூடாதே. பாறைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து என் செருப்பின் வார் அறுந்துபோனது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையிலிருந்து கட்டட வேலை, கிணற்று வேலை என்று கூட்டிக்கொண்டு போய், ஆந்திராக் காட்டில் செம்மரம் வெட்டவிட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு. போனவர்களில் சிலர் அங்கே சிறையில் கிடந்தார்கள். சிலர் உயிரோடு வரவில்லை. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு முதலில் அது தோன்றவில்லை. ஆள் பிடிக்கிறவன் என்றால் என் மனதில் வருவது கறுப்புக் கண்ணாடி, பெரிய கார், காதில் மாட்டிய போன். எங்கள் கல்யாணத்தில் வியர்க்க வியர்க்கப் பந்தி பரிமாறிய அண்ணனை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க மனது வரவில்லை.

அதனால் நான் என் படங்களின் வழியிலேயே போனேன். அந்த வாரம் முக்காலிமேல் கருவியை நிறுத்தி ரோட்டை அளந்துகொண்டிருந்தார்கள் சிலர். மலையைத் தோண்ட வருகிறவர்கள் அளக்காமல் வருவார்களா? அளக்கிறவர்கள் வந்த அதே வாரம் எங்கள் ஆட்கள் போகிறார்கள், போனும் கூடாது என்கிறார்கள். எனக்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. காது சூடானது. பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே அவர்களிடம் போய், எங்கள் ஆட்களை எங்கே அனுப்பினீர்கள், எந்தக் கம்பெனி நீங்கள் என்று கத்தினேன்.

அதில் ஒருவர் குடையை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "கல்வெர்ட்டு கட்டப் போறோம்மா. மழைக்கு ரோடு அறுத்துகினு போகுதுன்னு ஊர்ல நீங்கதான மனு குடுத்தீங்க?"

அந்த மனுவை எழுதியதே நான்தான். திரும்பி நடந்து வரும்போது என்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

மறுநாள் பாய் வந்தார். அவர் முகம் சரியில்லை. புளியை அமுக்கிப் பார்த்தார், ஈரம் என்று சொல்லவில்லை. எடை போட ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. ஒங்க வூட்டுக்காரருக்கு நான் இன்னா பண்ணேன்?"

"ஏன் பாய், இன்னா ஆச்சி?"

"நேத்து ஆரணிக்குப் போய்ட்டு வந்தேன், எம் பொண்ணு வூட்டுக்கு. வர்ற வழியில கண்ணமங்கலத்துல டீ குடிக்கலாம்னு வண்டிய நிறுத்துனேன். எதிர்ல இவரு நிக்கிறாரு. இன்னாப்பா இந்தப் பக்கம்னு கேட்டேன். என்னப் பாத்தாரு. பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகினு போய்ட்டாரு. இத்தினி வருசம் இந்த வூட்டுல மோர் குடிச்சிருக்கேன்." அவர் தராசைக் கீழே வைத்தார். "எனக்கும் தெரியும்மா. எங்க வூட்டுப் பசங்களும் அந்தப் படத்தயெல்லாம் பாக்குறானுங்க. தாடிக்காரன் வந்த உடனே, இவன்தான் குண்டு வெப்பான் பாருன்னு அவனுங்களே சொல்றானுங்க. சொன்ன மாதிரியே வெக்கிறான். நான் இன்னாத்தச் சொல்ல?"

எனக்கு அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. "கண்ணமங்கலத்துலயா?" என்றுதான் கேட்டேன்.

கேரளாவுக்குப் போகிறவர்கள் திருப்பத்தூரில் இறங்கி ரயில் ஏறுவார்கள். கண்ணமங்கலம் அதற்கு நேர் எதிர்த் திசை. அந்த ரோடு வேலூருக்குப் போகிறது. வேலூரைத் தாண்டினால் ஆந்திரா. நான் புளிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். பந்தி பரிமாறிய கையும் வியர்த்த முகமும் அப்போதுதான் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

"பாய், இப்பவே அங்க போகணும்."

அவர் தராசைப் பார்த்தார். "புளி?"

"கெடக்கட்டும் பாய்."

என்ன ஏது என்று மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்து நிற்பதற்குக் கையை நீட்டினார். மாமியார்தான் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஜமுனாமரத்தூர் வழியாக இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் வண்டியை நிதானமாகத் திருப்பத் திருப்ப எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. என் பதற்றத்தைப் பார்த்து அவராகப் பேச்சுக் கொடுத்தார். புளி விலை ஏன் இறங்குகிறது தெரியுமா, எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பத்துப் பேருக்குத்தான் எத்தனை வேலை!

வண்டிக்காக இரண்டு நாளாக அங்கேதான் கிடக்கிறார்கள் என்று கண்ணமங்கலத்து டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் மாந்தோப்பு. தார்ப்பாய் போட்ட வேன் ஒன்று நின்றது. மரத்தடியில் எங்கள் ஆட்களும் வேறு ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். ஒருவன் கையில் மச்சானின் கைபேசி. எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹீரோ சுவரில் போட்டோக்களை ஒட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டி, யார் யாருக்கு ஆள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்க இங்க?" என்று எழுந்தார்.

"கேரளாவுக்கு இந்த ரோட்டுலதான் போவாங்களா?" என்றேன். "ஆந்திராக் காட்டுக்குத்தான இட்டுனு போறாரு ஒங்க மச்சான்?"

மச்சான் வேனுக்குப் பின்னாலிருந்து வந்தார். பதறவில்லை. "இன்னாம்மா தங்கச்சி, இவ்ளோ தூரம்?" என்றார் அன்பாக. பிறகு ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். "நான்தான் சொன்னனே. நம்ம ஆளுங்க நாலு இடம் போய்ப் பொழைக்கக் கூடாதுன்னு ஒரு கூட்டம் கீது. இந்த மாதிரி கதையக் கெளப்பி வுடுறதே அவனுங்கதான். பாவம், தங்கச்சிக்கு இன்னா தெரியும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது நன்றாகப் புரிந்தது; பார்த்த எல்லாப் படத்திலும் அப்படித்தானே வருகிறது. என் வீட்டுக்காரர் பார்வை என்னைத் தாண்டி லோடு வண்டிக்குப் போனது. "அந்தாளு எதுக்கு ஒங்கூட வந்தாரு?" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். வழியெல்லாம் யோசித்து வைத்த நியாயம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது ஒரே கேள்விதான்.

"எங்க போறீங்க?"

எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மச்சானின் முகம் முதல்முறையாக மாறியது. "இன்னாம்மா இது, வண்டி ஏறுற நேரத்துல!"

அதைச் சொல்லியிருக்கவே கூடாது அவர். நான் இன்னும் உரக்கக் கேட்டேன். "எங்க போறீங்க எல்லாரும்? எந்த ஊருக்குப் போறீங்க?"

வயதில் மூத்தவர் ஒருவர் எழுந்து லுங்கியில் ஒட்டிய சருகைத் தட்டினார். "கெட்டுச்சி போ" என்றார். இன்னொருவர் பையைத் தோளில் மாட்டினார்.

"வூட்ட வுட்டுக் கெளம்பி நாளாச்சிப்பா! இதெல்லாம் கெளம்புறதுல சேராது" என்றார் மச்சான்.

"வண்டி ஏறப் போறோம்ல. அது கெளம்புறதுதான். வூட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு அப்பால பாக்கலாம்."

மச்சான் என்ன செய்வார்? அவரும் எங்கள் ஆள். அதை இல்லை என்று சொல்ல அவருக்கும் நாக்கு வரவில்லை. ஆந்திரா என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை, இன்றுவரை சிலர் நம்பவில்லை. எங்கே என்று கேட்டுவிட்டதால்தான் திரும்பினார்கள். நான் நினைத்துச் செய்ததில்லை அது. அந்த வேறு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் மட்டும் எழவில்லை. "ஒங்க ஊரு சகுனம் எங்கள இன்னா பண்ணும்?" என்றான் ஒருவன். மற்றவன்தான் கைபேசியை வைத்திருந்தவன். அவன் கண் திரையிலேயே இருந்தது. படம் முடியவில்லை அவனுக்கு.

லோடு வண்டியின் பின்பக்கம் ஏறி எல்லோரும் மலைக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொம்பை நீட்டினார். வீட்டுக்காரர் குடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். பாய் வாசலில் நின்றபடி, "இப்ப சொல்லுப்பா, நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் எழுந்து போய், பாதியில் நின்ற புளியை எடை போட்டு, எல்லா மூட்டையையும் தனியாகவே தூக்கி வண்டியில் ஏற்றினார். கிளம்பும்போது நான் மோர் கொடுத்தேன். பாய் முழுக்கக் குடித்தார்.

அந்த வேன் அன்றே போயிருக்கிறது. ஆந்திராவில் பிடிபட்டவர்களில் அந்த இரண்டு பையன்களும் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மச்சான் அகப்படவில்லை, ஊருக்கும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போதும் படம் பார்க்கிறார். மச்சானைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. மச்சானை யாரோ பெரிய ஆள் பிடித்து, மிரட்டி, இதில் இறக்கிவிட்டிருக்கிறானாம். அந்தப் பெரிய ஆளுக்குப் பின்னால் இன்னொருவன் இருக்கிறானாம். இருக்கலாம். ஆனால் நம் வீட்டில் சோறு தின்ற மச்சான், தெரிந்தேதான், நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்று நான் சொன்னால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதைத் தாங்க முடியவில்லை அவரால். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிரியை எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

போன மாதம் ஒரு அம்மாள் பள்ளிக்கு என்னைத் தேடி வந்தார். கைபேசியை வைத்திருந்த பையனின் தாய். வெகுதூரம் நடந்து வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ எல்லாரையும் எங்க போறன்னு கேட்டியாமே. எம் புள்ளயக் கேட்டியா?"

"எல்லாரையும் பொதுவாத்தாங்க்கா கேட்டேன்."

"அவன் தலயத் தூக்கினானா?"

"இல்லக்கா. படம் பாத்துனு இருந்தான்."

"அப்ப அவனுக்குக் காதுல வுழல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தவர், தெரிந்துகொண்டார். தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அன்றிலிருந்து நான் கேட்கிறேன். வீட்டுக்காரர் கொல்லைக்குப் போனாலும் கேட்கிறேன். அவர் முனகிக்கொண்டே திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். காலையில் ஷேர் ஜீப் நிற்கிற இடத்திலும் நின்று கேட்கிறேன். அபசகுனம் பிடித்தவள் என்று திட்டுகிறார்கள், டிரைவர் என்னைக் கண்டால் வண்டியைத் தள்ளிப் போய் நிறுத்துகிறார், மாமியார் என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டார். பேசாமல் இருக்கட்டும். ஜீப்பில் ஏறினவுடனே பிள்ளைகள் கைபேசியை எடுத்துக் குனிந்துகொள்கிறார்கள். பொதுவாகக் கேட்பதில்லை இப்போது. ஒவ்வொருவன் முன்னாலும் போய் நின்று, அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறவரை கேட்கிறேன்.